அம்சத்தின் நிறம்

1973 குறுவைப் பருவம். கூலி உயர்வு கேட்டு ஆட்கள் இறங்காததால் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் மிராசுதார் துரைராசுவின் வயல்களில் பாதி நடாமல் கிடந்தது. உழுது தண்ணீர் கட்டிய அந்த வயல்களைத்தான் சினிமாக் கம்பெனி படப்பிடிப்புக்கு எடுத்தது. வெள்ளைக்காரன் காலத்துக் காதல் கதை. பண்ணையார் மகன், நடவுக்கு வரும் சேரிப் பெண்ணை விரும்புகிறான். அந்தப் பெண்ணாக நடிக்க வந்தவள் பம்பாயில் வளர்ந்தவள், நல்ல வெளுப்பு.

அவளைக் கறுப்பாக்குவது மேக்கப்மேன் கண்ணுசாமியின் வேலை. அவனும் சேரியில் பிறந்தவன்தான், அங்கிருந்து ஆறு மைலில். பதினாறு வயதில் சென்னைக்கு ரயிலேறியவன், கம்பெனியில் ஒருவரிடமும் ஊரைச் சொன்னதில்லை.

முதலில் பூசிய நிறம் டைரக்டருக்குப் பிடிக்கவில்லை. நடவுக் காட்சிக்கு வந்திருந்த உள்ளூர்ப் பெண்களில் அம்சம் என்பவளை அழைத்து, நடிகையின் கன்னத்துக்குப் பக்கத்தில் கையை நீட்டிக்கொண்டு நிற்கச் சொன்னார். அதைப் பார்த்து நிறம் குழைக்க வேண்டும் என்று கண்ணுசாமிக்கு உத்தரவு. அம்சத்துக்கு முப்பது வயதிருக்கும். அரைமணி நேரம் கையை இறக்காமல் நின்றாள். நடிகை கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள்.

படத்தில் தன் முகம் தெரியுமா என்று அம்சம் மெதுவாகக் கேட்டாள். கட்டாயம் தெரியும் என்றான் கண்ணுசாமி.

"நீங்க பேசுறது எங்க பக்கத்துப் பேச்சு மாதிரி இருக்கு. எந்த ஊருங்க?"

"மெட்ராஸ்" என்றான்.

பெண்கள் வரிசையாக வயலில் இறங்கினார்கள். நடுவில் நடிகை. கேமராமேன் பார்த்துவிட்டுத் திருப்தியில்லாமல் தலையசைத்தார். இவர்களுக்கு நடுவே நிற்கும்போது நடிகையின் முகத்தில் பூச்சு பூச்சாகவே தெரிகிறது என்றார். டைரக்டர் எல்லாரும் பார்க்கக் கண்ணுசாமியைக் கூப்பிட்டு, கலர் தப்பா என்று கேட்டார். தப்பென்று ஒப்புக்கொண்டால் வேலை போய்விடும் என்று பயந்தான்.

"கலர் சரியாத்தான் சார் இருக்கு. இவங்கதான் ரொம்பக் கறுப்பு."

அம்சம் நாற்று முடியோடு பத்தடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள். பெண்களை வரப்பில் ஏறச் சொன்னார்கள். அவர்களுக்குப் பதிலாகத் தஞ்சாவூரிலிருந்து நாடகக்காரப் பெண்கள் வரும்வரை படப்பிடிப்பு நின்றது. அம்சம் கையிலிருந்த நாற்றுக் கட்டைத் தண்ணீரில் சாயாமல் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள்.

சாயங்காலம் கண்ணுசாமி அந்தப் பெண்களின் தெருவுக்குப் போனான். அம்சத்தின் கணவன் மருதையன் பலகை போட்டு உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தான். தான் சொன்னது தப்பு என்றான் கண்ணுசாமி. பிறகு தன் ஊரைச் சொன்னான், அப்பா பெயரையும் சொன்னான். மருதையனுக்கு அந்தப் பெயர் தெரிந்திருந்தது. அம்சம் வாசலுக்கு வந்தாள்.

"கறுப்புன்னு சொன்னது பெரிசில்லைங்க. அது எனக்கே தெரியும். நான் கேட்டப்ப ஊரை மறைச்சீங்களே, எங்ககிட்ட என்ன பயம் உங்களுக்கு?"

கண்ணுசாமி தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்தான்.

மறுநாள் காலை துணிச்சலை வரவழைத்துக்கொண்டு, டைரக்டரிடம் தான் யார் என்பதைச் சொன்னான். அந்தப் பெண்களைத் திரும்பக் கூப்பிட வேண்டும் என்றும் கேட்டான். டைரக்டர் அவன் தோளில் தட்டினார். அவர் கேலியாகச் சொல்லவில்லை, பாராட்டாகத்தான் சொன்னார்.

"அதான் கலர் இவ்வளவு கரெக்டா வந்திருக்கு. முன்னாடியே சொல்லியிருந்தா அந்தப் பொம்பளைய எதுக்கு நிக்க வெச்சிருக்கணும்? உன் கையையே பாத்திருக்கலாமே."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். கூடவே கண்ணுசாமியும் சிரித்துவிட்டான். பெண்களை யாரும் கூப்பிடவில்லை.

படம் நூறு நாள் ஓடியது. ஏழைகளைத் திரைக்குக் கொண்டுவந்த படம் என்று பத்திரிகைகள் எழுதின. டைட்டிலில் அவன் பெயரும் வந்தது. தஞ்சாவூரில் நடந்த விழாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிப் போகாமல் இருந்துவிட்டான். ஊரை மறைத்ததையும், அந்தப் பெண்களைக் கறுப்பு என்றதையும் பயத்தில் செய்தோம் என்று மனத்துக்குச் சமாதானம் சொல்லிக்கொள்ள அவனால் முடிந்தது. சிரித்ததற்கு மட்டும் ஒரு சமாதானமும் கிடைக்கவில்லை.