பத்து கிலோ வரை

மேனேஜர் நீட்டிய அறிக்கையைப் படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ‘குழந்தைக்கு இரண்டு மடங்கு மருந்து போனதற்குக் காரணம், ஹெட் நர்ஸ் விதியைத் தவறாக எழுதியது.’ கீழே என் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்.

குழந்தை பிழைத்துக்கொண்டது. மூன்று நாள் கண் திறக்காமல் கிடந்துவிட்டுப் பிழைத்தது.

எங்கள் ஆஸ்பத்திரிக்கென்று நான் ஒரு சின்ன கம்ப்யூட்டர் மொழி செய்திருந்தேன். நர்ஸ்கள் தங்களுக்குத் தெரிந்த வார்த்தைகளில் விதியை எழுதினால் போதும். மருந்து பம்பை ஓட்டும் புரோகிராமை என் மென்பொருளே அதிலிருந்து உருவாக்கிவிடும். ‘இனிமே நர்ஸுங்களே புரோகிராமர்’ என்று போகிற இடமெல்லாம் தம்பட்டம் அடித்தவர் இந்த கம்ப்யூட்டர் பிரிவு மேனேஜர்தான். இப்போது அதே வாயால், “எழுதுனது அவங்கதானே” என்கிறார்.

ஹெட் நர்ஸ் எழுதியது இரண்டே வரி. பத்து கிலோ வரை ஐந்து மில்லி. அதற்கு மேல் பத்து மில்லி. இதில் என்ன தப்பு?

குழந்தையின் எடை சரியாகப் பத்து கிலோ. உருவான புரோகிராமைத் திறந்து பார்த்தேன். அதை யாரும் திறப்பதில்லை, நானும் அதுவரை திறந்ததில்லை. பத்துக்குக் குறைவாக இருந்தால் மட்டும் ஐந்து மில்லி என்றிருந்தது. ‘வரை’ என்ற சொல்லுக்கு அந்த அர்த்தத்தைக் கொடுத்தவள் நான். ஒரு நர்ஸிடமாவது கேட்டேனா? மேனேஜரைவிட என் மேல்தான் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

“யோசிக்காம கையெழுத்துப் போடும்மா. அவங்க சஸ்பென்ஷன் ஆர்டரே ரெடி” என்று அதையும் எடுத்துக் காட்டினார்.

“பன்னண்டாம் தேதி வரைன்னு போட்டிருக்கே. அப்ப பன்னண்டாம் தேதி அவங்க டியூட்டிக்கு வரலாமா சார்?”

“அதெப்படி? வரைன்னா அன்னைக்கும் சேர்த்துதான். பதிமூணாம் தேதி வரட்டும்.”

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அறிக்கையில் ‘ஹெட் நர்ஸ்’ என்பதை அடித்துவிட்டு என் பெயரை எழுதினேன். அழுத்திய அழுத்தில் தாள் கிழிந்தது.

“பைத்தியமா உனக்கு? வேலை போயிடும்மா.”

“போகட்டும். பிள்ளையோட அம்மா இன்னும் அந்த நர்ஸைத்தான் சபிச்சுக்கிட்டிருக்காங்க. நான் போய் சொல்லப்போறேன். நீங்க வர்றீங்களா?”

அவர் ஃபைலைப் புரட்ட ஆரம்பித்தார்.

குழந்தைகள் வார்டு மூன்றாம் மாடியில். தனியாகத்தான் ஏறினேன்.