எங்கள் வீட்டுப் பதினொன்று

…பதினொன்று என்று சொல்லிவிட்டால் முடிந்தது, என் வீட்டுக்காரர் டுவைட் காலையில் அப்படித்தான் சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினார், அவருக்கென்ன, பெரியவள் கெல்சியின் தலைமுடியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பது நான்தானே, வாயில் ஐந்து கொண்டை ஊசி, அதுவும் நல்லதுதான், ஊசி இருக்கும்வரை பதில் சொல்ல வேண்டாம்… பள்ளி நடனத்துக்கு வாங்கிய கவுன் கதவில் தொங்குகிறது, மணிக்கட்டில் கட்டும் பூ ஃபிரிட்ஜில், முட்டைகளுக்குப் பக்கத்தில், மர்லா அக்காவின் பூவும் அங்கேதான் இருந்தது, மறுநாளும் இருந்ததா? இல்லையே, கட்டிக்கொண்டுதானே போனாள்… அப்போது அவளுக்குப் பதினேழு, எனக்கு ஒன்பது. எங்கள் வீடு வேக நேரத்தில், பள்ளிக்கூடம் நேர மண்டல எல்லைக்கு அந்தப் பக்கம் மெது நேரத்தில், இங்கே பதினொன்று என்றால் அங்கே பத்துதான். அப்பா பதினொன்று என்றார், எந்த ஊர் மணி என்று சொல்லவில்லை. அக்கா என் காதில், “ஒரு மணி நேரம் லாபம்டி, வாயத் தொறந்தே, தோல உரிச்சிடுவேன்” என்று சிரித்தாள்.

நான் திறக்கவில்லை, பதினொன்று வரை திறக்கவில்லை, அப்புறம் நாற்காலியில் தூங்கிப்போன அப்பாவின் தோளைத் தொட்டேன்… ஏன் தொட்டேன்? அன்றைக்குப் பெய்த மழைக்குப் பயந்தா, நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கவா, முப்பத்தெட்டு வருஷமாக மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்க்கிறேன். அப்பா பள்ளிக்கூடத்துக்கு போன் போட்டார், மைக்கில் எல்லார் முன்னாலும் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள், அழுதுகொண்டே காரை எடுத்தாளாம், ஓடைப் பாலம் ஒரே ஒரு கார் போகிற அகலம், அதைத் தாண்டி அவள் வரவே இல்லை… மணியைச் சரியாகச் சொல்லாமல் விட்டேனே என்று சாகும்வரை அப்பா தன்னையேதான் திட்டிக்கொண்டார், அவரை எழுப்பியது யார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

“ஊசிய எடுத்துட்டுச் சொல்லும்மா, எத்தனை மணிக்கு வரணும்?” கெல்சி கண்ணாடியில் என்னைப் பார்க்கிறாள். இப்போது எல்லை தாண்டினால் போனே மணியை மாற்றிக்கொள்கிறது, யாருக்கும் குழப்பமில்லை, பிறகு எனக்கு ஏன் வாய் வரவில்லை… சமையல் மேடையில் ஏறி உட்கார்ந்து சோளரொட்டி தின்கிற சின்னவள் டெஸ்ஸா முந்திக்கொண்டாள், “பதினொன்னு. எங்க வீட்டுப் பதினொன்னு. நான் கடிகாரத்தையே பாத்துட்டிருப்பேன், ஒரு நிமிஷம் தாண்டட்டும், அப்பாவ எழுப்பிடுவேன்.” கோள்மூட்டி என்றாள் கெல்சி. டெஸ்ஸா நாக்கைத் துருத்தினாள்.

கடைசி ஊசியும் கொண்டைக்குள் போய்விட்டது.

“அப்பா தூங்கட்டும்டி” என்றேன், யாரிடம் சொன்னேன், டெஸ்ஸாவுக்கும் ஒன்பதுதான், ரொட்டித்தூள் ஒட்டிய அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன்… அன்றைக்குத் தோளைத் தொட்டது இவ்வளவு சின்னக் கையா? கெல்சி இன்னும் மணிக்காகக் காத்திருக்கிறாள்.