புத்தகம் விழுந்த சத்தம்

அந்த ஸ்டுடியோவில் அவளை எல்லோரும் சத்தம் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் வாயைத் திறந்து பேசுவதோ நாளுக்கு நாலு வார்த்தை. டிவி சீரியலில் கேட்கிற காலடி, கதவு, கோப்பைச் சத்தமெல்லாம் படப்பிடிப்பிலேயே பதிவானவை என்று நீங்கள் நம்பிக்கொண்டிருந்தால், உங்கள் வெள்ளை மனசு வாழ்க. பாதிக்கு மேல் அவள் கைவேலை, கால்வேலை. ஜன்னல் இல்லாத ஒரு ரூம். சுவரெல்லாம் பஞ்சுப் பலகை. தரையில் ஒரு பக்கம் மரம், ஒரு பக்கம் கல், ஒரு தொட்டி நிறைய மணல், மூலையில் மலையாய்ச் செருப்புகள். எதிரே திரையில் படம் ஓடும். அவள் அதைப் பார்த்துக்கொண்டே நடப்பாள், கதவைச் சாத்துவாள், தொப்பென்று விழுவாள்.

பதினோரு வருஷத்தில் சில சட்டங்கள் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். நல்ல பெண் வெறுங்காலில் நடப்பாள். குதிகால் செருப்புச் சத்தம் கேட்டால் அடுத்தவள் குடியைக் கெடுக்க ஒருத்தி வருகிறாள் என்று பொருள். ஆண் கோப்பையை வைத்தால் ணங்கென்று கேட்க வேண்டும், பெண் வைத்தால் கேட்கவே கூடாது. ஒரு தடவை மாற்றிப் போட்டுவிட்டாள். இயக்குநர் பாதி டீயில் எழுந்து வந்து குதித்தார். அதற்கப்புறம் அவள் மாற்றவில்லை.

அறைகிற சத்தங்களுக்கு நம்பர் உண்டு. ஒன்று, மாமியார் மருமகளை அறைவது. இரண்டு, அப்பா மகளை. மூன்று, புருஷன் பெண்டாட்டியை. அதிகம் செலவாவது மூன்றுதான். பழைய தோல் பையைத் தொடையில் கட்டிக்கொண்டு, உள்ளங்கையை நனைத்து, ஓங்கி ஒரே போடு. பளார்! பிறகு இரண்டு விநாடி நிசப்தம், பிறகு வயலின், பிறகு பெண்டாட்டிக்குப் புத்தி வரும். பெண்டாட்டி புருஷனை அறைகிற சத்தமும் ஒன்று இருக்கிறது. அதைக் காமெடிச் சத்தங்களோடு சேர்த்து வைத்திருக்கிறார்கள். கூடவே ஒரு ஸ்பிரிங் டொய்ங் என்று அடிக்கும்.

பை கட்டுகிற இடத்தில் தொடை முதலில் சிவந்தது, அப்புறம் கன்றியது, இப்போது கிள்ளினால்கூட உறைப்பதில்லை. அதைப் பற்றி அவள் பெரிதாக யோசித்ததும் இல்லை.

நாலு மாதம் முன்பு, அவள் வீட்டில் தண்ணீர்க் குழாய் உடைந்துபோய், ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சும்மா படுத்திருந்தாள். பக்கத்து ரூமில் தங்கையும் மாப்பிள்ளையும் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் குரல் கொஞ்சம் ஏறியது. அப்புறம் ஒரு சத்தம். சின்னதுதான். தொப். கண்ணை மூடியபடியே அவள் அதை எடைபோட்டாள்: கெட்டி அட்டைப் புத்தகம், ஐந்நூறு பக்கம் இருக்கும், பாய் மேல் விழுந்திருக்கிறது. தொழில் புத்தி. எடைபோட்ட திருப்தியில் திரும்பிப் படுத்துத் தூங்கியும் போனாள்.

அடுத்த வாரம் தங்கை பெட்டியோடு அப்பா வீட்டுக்கு வந்துவிட்டாள். அவர் என்னை அடிக்கிறார், இனிமேல் போகமாட்டேன் என்றாள். மாப்பிள்ளையும் வந்தார். நன்றாகப் பேசுகிற மனிதர். கோபத்தில் மேஜையைத் தட்டினேன், புத்தகம் விழுந்தது, அவ்வளவுதான் மாமா என்றார். தங்கையின் கன்னத்தில் ஒரு தடயமும் இல்லை. அப்பா, பாவம், யாரை நம்புவது என்று தெரியாமல் பெரியவள் பக்கம் திரும்பினார்.

"நீ அன்னைக்கு அங்கதானேம்மா இருந்த? என்ன கேட்டுச்சு?"

"புத்தகம் விழுந்த சத்தம்தான்ப்பா."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"யோசிக்க என்னப்பா இருக்கு? அறைஞ்சா எப்படிக் கேக்கும்னு எனக்குத் தெரியாதா?"

அதோடு பேச்சு முடிந்தது. சத்தத்தையே பிழைப்பாக வைத்திருக்கிறவள் சொன்ன பிறகு மறுபேச்சு ஏது? அம்மா எல்லோருக்கும் டீ போட்டாள். தங்கை அக்காவை ஒரு பார்வை பார்த்தாள், அழவில்லை, சாயங்காலமே பெட்டியை எடுத்துக்கொண்டு மாப்பிள்ளைக்குப் பின்னால் போனாள். அதற்குப் பிறகு அவள் போன் செய்வதும் நின்றுபோனது.

இன்று காலை ஸ்டுடியோவுக்குள் நுழையும்போதே சவுண்ட் இன்ஜினியர் பரபரப்பாக இருந்தார். வாய் ஓயாத மனிதர்.

"அக்கா, விஷயம் தெரியுமா? நேத்து ஷூட்டிங்ல நம்ம ஹீரோ கை தவறி, நிஜமாவே ஹீரோயின் கன்னத்துல விட்டுட்டாரு. அந்தப் பொண்ணுக்குப் பொலபொலன்னு கண்ணுல தண்ணி. எல்லாரும் கை தட்டிட்டாங்களாம். அந்த ஷாட்டையே வெச்சுக்கிட்டாங்க. சாயங்காலம் ஒளிபரப்பு."

"சத்தம்?"

"மைக்ல விழுந்திருக்கு. கேக்குறீங்களா?"

அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். திரையில் ஹீரோ கையை ஓங்கினார். ஹீரோயினின் முகம் ஒரு பக்கமாகத் திரும்பியது.

தொப்.

கெட்டி அட்டை. ஐந்நூறு பக்கம். பாய் மேல்.

"இன்னொரு தடவை போடுங்க," என்றாள்.

போட்டார். இன்னொரு தடவை என்றாள். அதையும் போட்டார். நாலாவது தடவை அவள் கேட்கவில்லை. அவளுக்கு அழுகை வரவில்லை. காதுக்குள் பஞ்சை அடைத்தாற்போல எல்லாம் தள்ளிப் போயிருந்தது. பதினோரு வருஷமாகத் தானே கட்டிவிட்ட பொய்யைத் தானே நம்பித் தங்கையைத் திருப்பி அனுப்பியிருக்கிறோம் என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

இயக்குநர் எட்டிப் பார்த்தார். அவரும் ஒரு தடவை கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"என்னய்யா இது? புத்தகம் கீழ விழுந்த மாதிரி இருக்கு. ஜனங்க காறித் துப்புவாங்க. அக்கா, நம்ம மூணாம் நம்பரையே புதுசா ஒண்ணு போட்டுக் குடுங்க. கொஞ்சம் தாராளமா."

"சார், அறைஞ்சா இப்படித்தான் கேக்குது."

"கேக்கட்டும்க்கா. நமக்கு அறைஞ்ச மாதிரி கேக்கணும்."

அவள் பையைத் தொடையில் கட்டினாள். கையை நனைத்தாள். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம்தான். அவளுக்கு அது தோன்றவேயில்லை. கை பாட்டுக்கு எழும்பி, அதன் வேலையைக் கச்சிதமாகச் செய்துவிட்டு இறங்கியது. ஒரே டேக். அருமை என்றார் இயக்குநர். சாயங்காலம் வரை அவள் நாலு பேருக்கு நடந்தாள், ஆறு கதவு சாத்தினாள். அப்புறம் செருப்புகளை ஜோடி சேர்த்து வைத்துவிட்டுத் தங்கை வீட்டுக்குப் பஸ் ஏறினாள்.

கதவைத் தங்கைதான் திறந்தாள். "வாக்கா," என்றாள். அவ்வளவுதான். கூடத்தில் தங்கையின் மாமியார் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாள். அந்தச் சீரியல்தான். அவர் வேலையிலிருந்து வர இன்னும் நேரமிருக்கிறது என்றாள் தங்கை, கேட்காமலேயே. இருவரும் சமையலறைக்குப் போனார்கள். அடுப்பில் பால் இருந்தது. தங்கை இளைத்திருந்தாள். முகத்தின் இடது பக்கத்தை அக்காவுக்குக் காட்டாமலேயே நின்றாள்.

அக்கா சுற்றி வளைக்கவில்லை.

"அன்னைக்கு நான் கேட்டது புத்தகம் இல்ல."

தங்கை கரண்டியால் பாலைக் கலக்கிக்கொண்டே இருந்தாள்.

"தெரியும்க்கா. என் கன்னத்துலதானே விழுந்துச்சு."

"எனக்குத் தெரியாமப் போச்சுடி."

"நீ சொன்னதுக்கப்புறம் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. இவ்வளவு சின்ன சத்தமாத்தான் கேக்குதே, இதைப் போய் அடின்னு சொல்றோமேன்னு."

அக்காவுக்கு வெட்கமாக இருந்தது. அது ஒன்றுதான் காலையிலிருந்து அவளுக்கு உறைத்தது. கைப்பையிலிருந்து போனை எடுத்து அப்பாவை அழைத்தாள். வெகுநேரம் அடித்த பிறகு எடுத்தார். அவருக்குப் பின்னாலும் அதே சீரியல் ஓடிக்கொண்டிருந்தது.

"அப்பா, ஒரு விஷயம் சொல்லணும்."

"ஒரே நிமிஷம் இரும்மா. அவன் அறையப் போறான்."

அவள் காத்திருந்தாள். கூடத்தில் பளார் என்று விழுந்தது. அரை விநாடி கழித்துப் போனுக்குள்ளும் பளார். தங்கை கையிலிருந்த கரண்டி நழுவிக் கீழே விழுந்தது. நல்லா வேணும் அவளுக்கு என்று கூடத்திலிருந்து மாமியாரின் குரல் கேட்டது.

"அப்பப்பா, என்ன அறை!" என்றார் அப்பா. குரலில் பெருமை வழிந்தது. "அது நீதானேம்மா?"

"ஆமாப்பா. நான்தான்."

"அதான பாத்தேன். சரி, என்னமோ சொல்லணும்னியே?"

"அன்னைக்கு நான் சொன்னது தப்புப்பா. புத்தகம் எதுவும் விழல. அவரு அடிச்சாரு. நான் காதால கேட்டேன்."

அந்தப் பக்கம் வயலின் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அப்பா டிவியை அணைத்திருக்க வேண்டும், அதுவும் நின்றது.

"அப்ப உனக்கேவாம்மா தெரியல?" என்றார்.

"எனக்கே தெரியலப்பா. இப்ப அவளைக் கூட்டிட்டு வரேன்."

தங்கை குனிந்து கரண்டியை எடுத்துக் கழுவி வைத்தாள். அடுப்பை அணைத்தாள். பாலை மூடினாள்.

"துணி மட்டும் எடுத்துக்கவாக்கா?"

"எடுத்துக்கோ."

அவள் கூடத்தைத் தாண்டி உள்ளே போனாள். வெறுங்கால்தான், ஒரு சத்தமும் இல்லை. மாமியார் டிவியிலிருந்து தலையைத் திருப்பவில்லை.