பூட்டிய மாடியறையில் பத்து நிமிடம்

1

அன்று பீளமேட்டு வீட்டில் இருந்தவர்கள்: இன்னாசிமுத்து ஆகிய நான், நான் இரண்டாவதாக மணந்த சாராள், வீட்டை வாடகைக்குக் கேட்டு வந்த அனீஸ், அவர் மனைவி மிஸ்பா, மிஸ்பாவின் தாயார் உம்மல் குல்சும்.

[டெய்சியின் பெயரை எழுதி, அடித்து, மறுபடி எழுதி, மறுபடி அடித்தேன். என் முதல் மனைவி. இறந்து ஆறு வருடமாகிறது. அன்று அவள் இருந்தாளா இல்லையா என்று முடிவு செய்ய முடியாததால்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன்.]

2

முதல் தொடக்கம்: 'எங்கள் குடும்பத்தில் யாரும் குடியிருந்த வீட்டை வாடகைக்கு விட்டதில்லை.' உண்மைதான். பெருமையடிப்பது போல இருக்கிறது. பெருமைதான். இருந்தாலும் வேண்டாம்.

இரண்டாம் தொடக்கம்: மணமான மறுவாரம் சாராள் கேட்டது.

"உங்க ஊட்ல அவுங்க இருக்காங்க. சோமனூர்ல எங்க ஊட்ல அவரு இருக்காரு. நாம எங்கீங்க இருக்கறது?"

அவளும் கணவனை இழந்தவள். கேலியாகத்தான் கேட்டாள். சிங்காநல்லூரில் இருவர் பெயரிலும் ஒரு சிறிய வீடு வாங்குவது, இதை வாடகைக்கு விடுவது என்று தீர்மானித்தோம்.

3

நான் ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். மாடியறையைப் பூட்டி நானே வைத்துக்கொள்வேன். வீட்டை வாடகைக்கு விடுகிற பலர் செய்வதுதான். தட்டுமுட்டுச் சாமானைப் போட்டு ஓர் அறையைப் பூட்டிவிடுவார்கள். ஆனால் அங்கே இருந்தது டெய்சி கடைசியாகப் படுத்திருந்த கட்டில்.

"அந்தப் பூட்டு இருக்கற வரைக்கும் சிங்காநல்லூருக்கு நீங்க பாதி ஆளுதான் வருவீங்க" என்றாள் சாராள். அதற்கு நான்

(இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன். கோபத்தில் சொன்னது.)

வீடு பார்க்க வந்தவர்களிடம் நிபந்தனையைச் சொன்னேன்.

"ஏனுங்கய்யா, உள்ள ஜின்னு கின்னு அடைச்சு வெச்சிருக்கீங்களா?" என்றார் உம்மல் குல்சும்.

"அம்மா, சும்மா இருங்க" என்றார் மிஸ்பா.

"கேட்டா என்ன கண்ணு? அது கதவத் தட்டுனா நாந்தான எந்திரிக்கோணும்? நீங்க ரெண்டு பேரும் இடி உளுந்தாலும் தூங்குவீங்க."

அனீஸ் சுவரைப் பார்த்துக்கொண்டார். நான் விறைத்து நின்றேன். சாராள் சிரித்தேவிட்டாள். பிறகு என்னிடம் கை நீட்டினாள்.

"அந்தச் சாவியக் குடுங்க. ஒரு எட்டுப் பாத்துட்டு வாரேன்."

மணமாகி ஏழு மாதத்தில் அவள் அந்தப் படி ஏறியதில்லை. நானும் அழைத்ததில்லை.

4

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பத்து நிமிடம். நான் வெளியே நின்றேன். உள்ளே நடந்தது:

(அ) சாராள் அழுதாள். [அடித்துவிட்டேன். அவள் அழுதால் தெருவுக்கே கேட்கும்.]

(ஆ) ஜெபித்தாள். [சி.எஸ்.ஐ. சபைக் குடும்பத்தில் பிறந்தவள், பாட்டில்லாமல் ஜெபம் தொடங்க மாட்டாள். பாட்டு கேட்கவில்லை.]

(இ) இருவரும் பேசிக்கொண்டார்கள். [இதை அடிக்கக் கை வரவில்லை.]

என் காதில் விழுந்தது இவ்வளவுதான்: ஆறு வருடம் சாத்தியிருந்த ஜன்னல் திறந்தது. கட்டில் ஒருமுறை கிரீச்சிட்டது. அதன் பிறகு ஒன்றுமில்லை. கோயில் பூசையில் சாமியார் நற்கருணை அப்பத்தை உயர்த்தும்போது தலை குனிவேனே, அப்படி என் வீட்டுக் கதவின் முன் குனிந்து நின்றேன். யாரும் குனியச் சொல்லவில்லை. நான் எளிதில் குனிகிற ஆளும் இல்லை.

வெளியே வந்து சாவியை என் கையில் வைத்தாள்.

"பூட்டறதுன்னாப் பூட்டிக்குங்க. அவுங்க ஒண்ணும் சொல்லலீங்க. இனி நானும் சொல்ல மாட்டேன்."

5

அவளிடமே கேட்டு எழுதலாமே என்பீர்கள். கேட்கவில்லை. கேட்கப்போவதுமில்லை. அந்தப் பத்து நிமிடம் அவர்கள் இருவருடையது. வாசகர் விரும்பியபடி நிரப்பிக்கொள்ளலாம். கீழே ஒரு வரி விட்டிருக்கிறேன்.

( . . . . . . . . . . . . . . . . . . . )

ஒன்றை மட்டும் நிரப்ப விடமாட்டேன். வந்த இரண்டாம் தாரம், மூத்தவளின் கட்டிலைத் தூக்கி வெளியே போட்டுவிட்டாள் என்று எங்கள் பங்குக் கோயிலில் பேசிக்கொள்கிறார்கள். பொய். கட்டிலைக் கழற்றியவன் நான். கழற்றிய அன்று சாராள் சோமனூரில் இருந்தாள்.