சூரியன் எந்தப் பக்கம்

ஆறாறு படமாக வெட்டிய பிலிம் துண்டுகளை உறையில் போடும்போதுதான் விஜ்தான் அதைக் கவனித்தாள். பிலிமின் ஓரத்தில் 22 என்ற எண் நேராகத் தெரிந்தது. அப்படிப் பிடித்துப் பார்த்தால், கடலில் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கும் ஆள் வலப்பக்கம் இருந்தான்.

செவ்வாய்க்கிழமை அவள் ஸ்கேன் செய்து அச்சடித்துப் பாபாவிடம் கொடுத்த படத்தில் அவன் இடப்பக்கம் இருந்தான்.

பிலிமை மறுபடி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

வீட்டுக்கு எதிரே கடலில் இரண்டு ஷர்ஃபியாக்கள் இருந்தன. பேரீச்ச மட்டைகளை வரிசையாக நட்ட வேலி, அதன் முனையில் மீன் விழும் பறி. கரையில் நின்று தெற்கே பார்த்தால் இடப்பக்கம் இருப்பது அவர்களுடையது. வலப்பக்கம் இருப்பது அண்டை வீட்டுப் பெரியவர் அம் பெஷீருடையது. இரண்டும் ஒரே அச்சில் வார்த்ததுபோல இருக்கும். மூன்று வாரமாகப் பாபாவின் பறியில் மீன் பாதியாகக் குறைந்திருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான், இரண்டு ஷர்ஃபியாவும் தெரிய அவள் கரையிலிருந்து எடுத்த படம் வந்தது. பெஷீரின் மகன் மக்ரம், இடப்பக்கப் பறியைத் தூக்கிக்கொண்டு நின்றான்.

"கையும் களவுமா பிடிச்சுட்டா எம்பொண்ணு!" என்று பாபா அன்று மாலையே துறைமுகக் காப்பிக் கடையில் படத்தை எல்லோர் மூக்குக்கும் நேரே ஆட்டிவிட்டு வந்தார். இன்று அஸர் தொழுகை முடிந்ததும் கடல் காவல் நிலையத்தில் புகார் எழுதித் தருவதாக ஏற்பாடு. மக்ரமைப் பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள்.

ஆனால் அவன் தன் வீட்டுப் பறியைத்தான் தூக்கியிருக்கிறான்.

தவறு எங்கே நடந்தது என்று அவளுக்குத் தெரியும். குளியலறையில் காப்பித் தூளும் வாஷிங் சோடாவும் கலந்து கழுவிய பிலிம், காய்ந்ததும் பூனைவால்போலச் சுருண்டுகொண்டது. ஸ்கேனரின் சட்டகத்தில் வைத்தால் இரண்டு முனையும் எழும்பித் துள்ளி வெளியே வந்தது. திருப்பிப் போட்டாள், சமர்த்தாகப் படிந்தது. படிந்ததே என்ற சந்தோஷத்தில், பளபளப்பான பக்கம்தான் கண்ணாடியைப் பார்க்க வேண்டும் என்பது மறந்துபோனது. எண் இருக்கும் ஓரத்தையும் சட்டகம் மறைத்துவிட்டது.

பிலிமைக் கணப்பில் போட்டால் ஒரு நொடியில் சாம்பல். யாருக்கும் தெரியாது. பாபா ஊர் நடுவே தலைகுனிய வேண்டாம். அவளும் அடி வாங்க வேண்டாம். கணப்பின் பக்கம் ஒரு முறை பார்த்தாள். பிறகு எழுந்துபோய்ச் சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் போட்டோவைக் கழற்றினாள்.

"அடியே, அதை எதுக்கு எடுக்குறே?" உம்மி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என் காப்பித் தூளைத் தீர்த்தது போதாதா?"

"கண்ணாடி மட்டும் வேணும் உம்மி."

"உங்க பாபா பாத்தா தோலை உரிச்சுடுவாரு."

"இன்னிக்கு எப்படியும் உரிக்கத்தான் போறாரு."

உம்மி அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு அடுப்படிக்குள் திரும்பிப்போனாள்.

இந்த முறை சட்டகமே வேண்டாம் என்று விஜ்தான் முடிவு செய்தாள். பிலிமைப் பளபளப்பான பக்கம் கீழே இருக்கும்படி ஸ்கேனரின் கண்ணாடிமேல் நேராக வைத்து, அதன்மேல் போட்டோக் கண்ணாடியை அழுத்தினாள். மூடியிலிருந்த விளக்கு எரிந்தது. ஸ்கேனர் முனகிக்கொண்டு நகர்ந்தது. முதல் படத்தில் தண்ணீரில் எண்ணெய் மிதப்பதுபோல வளையம் வளையமாக விழுந்தது. பிலிமைத் துடைத்து, கண்ணாடியைச் சற்றே தள்ளி வைத்தாள். இரண்டாவதில் கடலின் குறுக்கே யாருடைய தலைமுடியோ கிடந்தது. கிடக்கட்டும். எண் தெரிந்தது, ஓரம் தெரிந்தது. ஆள் வலப்பக்கம் நின்றான். அச்சுப்பொறியின் பொத்தானை அழுத்தினாள்.

பாபா உட்கார்ந்திருந்த காப்பிக் கடைக்குள் பெண்பிள்ளைகள் போவதில்லை. வாசலில் நின்று கூப்பிடலாம்தான். கூப்பிட்டால் குரல் உடைந்துவிடும் என்று நேரே உள்ளே போனாள். சீட்டாட்டம் நின்றது. அம் பெஷீர் எப்போதும் உட்காரும் நாற்காலி செவ்வாயிலிருந்து காலியாகவே கிடந்தது.

"வீட்டுல யாருக்காவது ஏதாவதா?" பாபா பாதி எழுந்தார்.

"இல்ல பாபா. படம் தப்பு. நான் பிலிமைத் திருப்பிப் போட்டுட்டேன். மக்ரம் நின்னது அவங்க பறியில."

பாபா புதிய படத்தை வாங்கிப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்தது. "அன்னிக்கு இடது, இன்னிக்கு வலது. நாளைக்குத் தலைகீழா நிப்பானா? யார் சொல்லி அனுப்பினது உன்னை? பெஷீரா?"

"யாரும் சொல்லல. ஓரத்துல நம்பர் பாருங்க, நேரா இருக்கு."

"கம்ப்யூட்டர்ல நம்பரைக் கூட மாத்தலாம்."

"இது கம்ப்யூட்டர் இல்ல." அவள் பிலிம் துண்டை நீட்டினாள். பாபா அதைத் தொடவில்லை.  அவள் விடவில்லை. "பழைய படம் பையில இருக்கா பாபா? எடுங்க. நான் அதை எப்ப எடுத்தேன்?"

"விடியக்காலைல. உனக்குத் தெரியாதா?"

"அப்ப வெயில் எந்தப் பக்கத்துலேருந்து வருது, பாருங்க."

பாபா சட்டைப்பையிலிருந்து கசங்கிய படத்தை எடுத்தார். தண்ணீர்மேல் பளபளவென்று ஒரு வெள்ளைக் கோடு. அது வலப்பக்கமிருந்து, மேற்கிலிருந்து வந்துகொண்டிருந்தது.

பக்கத்தில் சீட்டாடிக்கொண்டிருந்த மப்ரூக் எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டார். "அடேய் ஹமாதி! உன் கடல்ல மட்டும் சூரியன் மேற்கே உதிக்குதாடா?"

 பாபா இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நாற்பது வருடமாக வெயிலைப் பார்த்தே மணி சொல்கிறவர்.

"நான் வெயிலைப் பாக்கவே இல்ல," என்றார் கடைசியில், யாருக்கோ சொல்வதுபோல. "அவனை மட்டும்தான் பாத்தேன்."

"அப்ப மீனு?" என்றார் மப்ரூக்.

"மீனை அப்புறம் பாத்துக்கலாம்." பாபா பழைய படத்தை நான்காகக் கிழித்து மேசையிலேயே போட்டார். குடித்து முடிக்காத காப்பியை அப்படியே விட்டு எழுந்தார். அடி விழும் என்று விஜ்தான் கண்ணை இறுக்கிக்கொண்டாள். விழவில்லை.

"அந்தப் பிலிமை எடுத்துட்டு வா. பெஷீர் வீட்டுக் கதவை நீ தட்டு. நான் தட்டினா திறக்க மாட்டான்."

"பாபா, அவர்கிட்ட நான் என்ன சொல்றது?"

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். நான்தானே ஊரெல்லாம் சொன்னேன், நானே சொல்றேன்," என்று சொல்லி, அவளை முன்னால் விட்டுப் படியிறங்கினார்.