இரண்டு பொதி ஈரல்

ஜனாதிபதித் தேர்தல் வந்தால் உக்குவளையில் மாடுகளுக்கு மரியாதை கூடிவிடும். மற்ற நாட்களில் அவற்றை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை.

இந்த முறை மரியாதையைத் தொடக்கிவைத்தவர் ஒரு வேட்பாளரின் உள்ளூர் அமைப்பாளர், கிறிஸ்டியன் என்பவர். மாத்தளைக் கூட்டத்தில் பேச, தம் தலைவருக்கு ஒரு கேள்வியை எழுதிக்கொடுத்தார்: "மாடு அறுப்பதைத் தடைசெய்வீர்களா, மாட்டீர்களா? எதிர்த்தரப்பு ஒரே சொல்லில் பதில் சொல்லட்டும்." ஆம் என்றால் முஸ்லிம் வாக்குப் போகும், இல்லை என்றால் பௌத்த விகாரைப் பக்கத்து வாக்குப் போகும்.

தலைவர் அதை மேடையில் கேட்டதும் மாட்டிறைச்சிக்கடை சாலிஹ் நானா கலங்கிப்போனார். கிறிஸ்டியனே வந்து ஆறுதல் சொன்னார்.

"நானா, இது சும்மா சொல்ற மொத வெல. இந்த வெலைக்கு யாரு வாங்கப் போறாங்க? அந்தாளு முழிக்கணும், அவ்வளவுதான்."

சாலிஹும் வியாபாரி. முதல் விலையை எவன் கொடுப்பான்?

எதிர்த்தரப்பு கொடுத்தது. அவர்களுடைய அமைப்பாளர் இப்ஹாம் சொல்லிக்கொடுத்தபடி, மறுநாளே அந்தத் தலைவர் மேடையேறி, "தடைசெய்வேன். கேட்டவர் செய்வாரா?" என்றார். கேட்டவர் எப்படி மாட்டேன் என்பார்? நாட்டைப் பிளக்க வேண்டிய விஷயத்தில் நாடே கண்டிராத ஒற்றுமை. யார் வென்றாலும் சாலிஹின் கடைக்குப் பூட்டு.

அந்தக் கடையில் ஒரு வழக்கம். ஞாயிறன்று வாடிக்கையாளர் பங்கைப் பொதிசெய்து, பெயர் எழுதி, உள்ளே கொக்கியில் மாட்டிவைப்பார்கள். அந்த ஞாயிறு இரண்டு பொதிகள் மட்டும் வெளியே, கண்டி வீதியைப் பார்த்துத் தொங்கின. சிங்களத்திலும் தமிழிலும் கொட்டை எழுத்து: அமைப்பாளர் கிறிஸ்டியன், ஈரல். அமைப்பாளர் இப்ஹாம், ஈரல்.

இருவரும் ஒரே ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். தேர்தல் தொடங்கியபின் சேர்ந்து செய்த முதல் காரியம் அதுதான்.

"நானா, மானம் போகுது. உள்ள எடுங்க" என்றார் இப்ஹாம்.

"எடுக்கலாம் தம்பி. கட தொறந்து ஈக்கணுமா, மூடணுமா? ஒரே சொல்லுல சொல்லுங்க."

கிறிஸ்டியன் தொண்டையைச் செருமினார். "அப்படி ஒடனே சொல்ல ஏலுமா நானா? நாலு பேரோட பேசி முடிக்கிற விஷயம் இது."

"அப்ப பேசிட்டு வாங்க. அதுவரைக்கும் பஸ்ல போறவங்க வாசிக்கட்டும்."

அன்று மாலை இரண்டு மேடைகளிலும் ஒரே அறிவிப்பு: மாடு அறுப்பது ஆழமாக ஆராய வேண்டிய விஷயம், தேர்தலுக்குப் பின் குழு அமைக்கப்படும். குழு என்றால் என்னவென்று சாலிஹுக்குத் தெரியும். விலைபோகாத சரக்கைத் தள்ளிவைக்கும் பின்னறை.

பொதிகளை உள்ளே எடுத்தார். நாள் முழுக்க வெயில் குடித்த ஈரலுக்கு இருவரும் முழு விலை கொடுத்தார்கள். பேரம் பேசவில்லை.