மாமி மறித்த ரோடு

எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் உடுப்புப் பெட்டியோடு வந்து சேர்வார். என் வீட்டுக்கு நிஸாம் வந்து சேர்ந்த நாளிலிருந்து எனக்கு ஒரு வேலை கிடைத்தது. உம்மாவுக்கும் அவருக்கும் நடுவில் கதை காவுகிற வேலை.

மாமியும் மருமகனும் நேருக்கு நேர் கதைப்பதில்லை என்பது பழைய முறை. பகை ஒன்றுமில்லை, மரியாதைதான். இந்தக் காலத்துப் பிள்ளைகள் அதையெல்லாம் விட்டுவிட்டார்கள். என் உம்மா றுகையா விடவில்லை. நிஸாமைக் கண்டால் முக்காட்டை இழுத்துவிட்டுக் குசினிக் கதவோடு ஒதுங்கி நின்றுகொள்வா.

"நஜ்லா, மாப்பிள்ளைட்டக் கேளு, ஆணம் காணுமா எண்டு."

அவர் அங்கேயே, கைக்கெட்டும் தூரத்தில் இருந்து சாப்பிடுவார். "காணும் எண்டு மாமிக்குச் சொல்லு" என்பார்.

நான் திரும்பி, குழம்பு போதும் என்கிற அந்தச் சேதியை, "காணுமாம்" என்று ஒப்படைப்பேன். இரண்டு பேருக்கும் காது நல்லாகத்தான் கேட்கும். ஆனாலும் நான் சொன்னால்தான் அது சொன்னதாகக் கணக்கு. எனக்குச் சில நாள் பத்திக்கொண்டு வரும்.

ஆனால் பாசத்துக்கு உம்மா என்னைத் தூது விட்டதில்லை. நிஸாம் குப்பை மெசின் ஓட்டுகிறவர், பெட்டி கொழுவிய டிராக்டர். ஊர்க் குப்பையைப் பெட்டியில் ஏற்றிக் கொண்டுபோய் மேற்கே தோணா என்கிற ஓடைக் கரையில் கொட்ட வேண்டும். குப்பை அள்ள ஒப்பந்தம் எடுத்த கொந்தராத்துக்காரர் ஒருவரிடம் வேலை. பின்னேரம் அவர் வரும்போது கிணற்றடியில் இரண்டு வாளி தண்ணீர் நிறைந்திருக்கும். ஒன்றில் தேசிக்காய் இலை கசக்கிப் போட்டிருக்கும். பக்கத்தில் சவர்க்காரமும் மடித்த சாரமும். மீன் சமைத்தால் நடுத்துண்டு அவருக்கு. பெற்ற மகளான எனக்கு வால்.

சண்டை வந்தது தோணாவால்தான். முன்பு மாரியில் வாயை அடைத்த மணலைக் கடலுக்கு வெட்டிவிட்டால் தண்ணீர் குதித்துக்கொண்டு ஓடும். இப்போது குப்பை கரையைத் தாண்டித் தண்ணீருக்குள்ளேயே இறங்கிவிட்டது. போன மழைக்குத் தோணா ஓட இடமில்லாமல் எங்கள் ஒழுங்கைக்குள் வந்தது. கறுத்த தண்ணீர் குசினிப் படிவரை ஏறி நின்றது. ரோட்டிலும் நிம்மதியில்லை. பெட்டியின் பின்கதவு உக்கிப்போய், போகிற வழியெல்லாம் அழுக்குத் தண்ணீர் ஒழுகும். அதைத் திருத்தித் தரச்சொல்லி நிஸாம் வேலையை மேற்பார்க்கிற ஓவசியரிடம் கேட்டுக் கேட்டு வாய் உளைந்து போனார்.

அந்த வழுக்கலில்தான் எங்கள் மகள் அப்னா சைக்கிளோடு விழுந்தாள். வாய்க்குக் கீழே நாடி கிழிந்து தையல் போட்டோம். யாருடைய மெசின் ஒழுக்கு என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அன்று இரவு அவர் சோற்றில் கை வைக்கவில்லை.

"மாப்பிள்ளைக்குச் சொல்லு, இது அவர்ட பிழையில்ல எண்டு" என்றா உம்மா. அதைச் சொல்லிவிட்டு அடுத்த நாளே வீடு வீடாகப் போய்ப் பெண்களைச் சேர்க்கத் தொடங்கிவிட்டா. தோணாவுக்கு அந்தப் பக்கம் வயல் செய்கிற செல்லத்தங்கம் அக்காவும் சேர்ந்துகொண்டா. அவவின் வரம்பு முழுக்கப் பொலித்தீன் தொங்கிக்கொண்டிருந்தது.

மறியலுக்கு முதல் நாள் உம்மா கதவோடு நின்று சொன்னா. "நஜ்லா, நாளைக்கு ரோட்ட மறிக்கப் போறம். மாப்பிள்ளை அறியாம இரிக்கக் கூடாது. சொல்லு."

அவர் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "மாமி செய்றது சரிதான் எண்டு சொல்லு. ஆனா நான் மெசின் எடுக்காட்டி வேலை இல்ல. வெயில் கூட, குடை கொண்டு போகச் சொல்லு."

அவருடைய கஷ்டம் எனக்குத் தெரியும். கொந்தராத்துக்காரர் புது லொறி எடுக்கப் போகிறார். அதற்கு நிரந்தர றைவர் நிஸாம்தான் என்று வாக்குக் கொடுத்திருந்தார். அந்த வாக்கை நம்பித்தான் இத்தனை நாள் அந்த நாற்றத்துக்குள் கிடந்தார் மனுசன்.

காலையில் ரோட்டின் குறுக்கே பிளாஸ்டிக் கதிரைகள் போட்டுப் பெண்கள் இருந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் பச்சைக் குடையோடு உம்மா. மெசின் நிறைந்த குப்பையோடு வந்து நின்றது. பின்னால் மோட்டார் சைக்கிளில் ஓவசியர் வந்தார். இளம் ஆள், ஊருக்குப் புதிது.

"நிஸாம், மெல்ல எடும். பொம்புளையள் தானா விலகுவாங்க."

உம்மா அசையவில்லை. மெசினுக்கும் அவவுக்கும் இடையில் ஒரு பாய் விரிக்கலாம், அவ்வளவுதான் இடம். அப்போதும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு என்னைத்தான் கூப்பிட்டா.

"நஜ்லா, கேளு. மாப்பிள்ளை எங்களுக்கு மேலால ஏத்தப் போறாராமா?"

மேலே இருந்து அவர், "நஜ்லா, மாமிய ஓரமா நிக்கச் சொல்லு. இந்த மெசின்ட பிறேக்க நம்பேலாது" என்றார்.

எனக்கு எங்கிருந்து அப்படிக் கோபம் வந்ததோ தெரியவில்லை. வெயில், நாற்றம், பிள்ளையின் நாடியில் தையல். நடுரோட்டில் நின்றுகொண்டு இவர்களுக்கு நான் தந்திக் கம்பியாக வேண்டுமாம்.

"ரெண்டு பேருக்கும் வாயிருக்கு, காதிருக்கு. இண்டைக்கு நான் ஆருக்கும் கதை காவ மாட்டன்" என்றேன்.

உம்மா குடைப் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றா. அவர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

பின்னால் நின்ற ஓவசியருக்கு மெசின் இரைச்சலில் எங்கள் கதை ஒன்றும் கேட்கவில்லை, பொறுமை போய் முன்னுக்கு வந்தார். போனை எடுத்துக்கொண்டு, "இவதான் ஆக்களச் சேர்த்தவ. பொலிசில பேர் குடுக்கப் போறன். ஆர் இவ?" என்று கேட்டார். பெண்கள் கதிரைகளை இன்னும் நெருக்கிப் போட்டார்கள். செல்லத்தங்கம் அக்காவிடம் கேட்டார். "எனக்கு என்ட வயலத் தவிர வேறொண்டும் தெரியாது தம்பி" என்றா அவ.

ஓவசியர் மெசினைத் திரும்பிப் பார்த்தார். "நிஸாம், ஒவ்வொரு நாளும் இதால போறீர். உமக்குத் தெரியாம இரிக்காது. ஆர் இவ?"

தெரியாது என்று ஒரு சொல் சொன்னால் போதும். வேலையும் தப்பும், லொறியும் கிடைக்கும். மாமியின் பேரை மருமகன் சொல்வதும் முறையில்லை, ஆகவே அவர் பேசாமல் இருந்தாலும் ஊரில் ஒருவரும் குறை சொல்லமாட்டார்கள். தெரியாது என்று சொல்லிவிடு மனுசா என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன்.

அவர் மெசினை நிற்பாட்டினார்.

"எண்ட உம்மா" என்றார்.

ஓவசியர் முழித்தார். "உம்மட உம்மா மௌத்தாப் போய் அடக்கமெண்டுதானே நோம்புக்கு முந்தி லீவு எடுத்தீர்?"

"ஓம். அவவும் எண்ட உம்மாதான். இவவும் எண்ட உம்மாதான்." சாவியைக் கழற்றி நீட்டினார். "நீங்க ஏத்துறெண்டா ஏத்துங்க. என்னால ஏலாது."

உம்மா குடையை மடக்கினா. மெசினுக்குக் கிட்டப் போனா. அவர் வந்து சேர்ந்த நாளிலிருந்து ஒருநாளும் செய்யாத காரியமாக, அண்ணாந்து அவருடைய முகத்தைப் பார்த்தா.

"இறங்குடா கீழ" என்றா. "விடியத் தேத்தண்ணியையும் பாதி வெச்சிட்டு வந்தவன். இந்த வெயிலுக்க மண்டையக் காயவெச்சிட்டு இரிக்கான். இறங்கு."

என்னைப் பெற்று வளர்த்த காலமெல்லாம் என்னிடம்தான் அந்தக் குரலில் ஏசியிருக்கிறா. வேறு யாரிடமும் இல்லை. அவர் இறங்கினார். "ஓம் உம்மா" என்றார். நான் எல்லோருக்கும் முன்னால் விக்கி விக்கி அழுதேன்.

ஓவசியருக்கு மெசின் ஓட்டத் தெரியாது. குப்பை ரோட்டிலேயே நின்றது. பின்னேரம் நாற்றம் தாங்காமல் ஊர் முழுக்கத் திரண்டு வந்தது. கடைசியில் கொந்தராத்துக்காரரே வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு கதைத்தார். இப்போது பெட்டிகளுக்குப் புதுக் கதவும் மேலே மூடப் படங்குத் துணியும் போட்டிருக்கிறார்கள். ரோடு காய்ந்து கிடக்கிறது. தோணாக்கரையில் புதிதாகக் கொட்டுவதில்லை. பழைய குப்பை மலை அங்கேதான் இருக்கிறது, அதை அள்ளும்வரை விடுவதில்லை என்று உம்மாவும் செல்லத்தங்கம் அக்காவும் இன்னும் அலைகிறார்கள்.

குப்பை வேலையும் போனது, லொறியும் வேறு ஒருவருக்குப் போய்விட்டது. நிஸாம் இப்போது செல்லத்தங்கம் அக்காவின் நெல் மூடைகளை வாடகை மெசின் ஒன்றில் ஏற்றி இறக்குகிறார். வெள்ளாமை முடிந்தால் என்ன செய்வது என்று யோசனைதான். அந்தப் பயம் எனக்கு இல்லை என்று சொன்னால் பொய்.

வீட்டில் எனக்கு வேலை குறைந்துவிட்டது. உம்மா அவருக்கு நேரடியாகவே ஏசுகிறா. நனைந்த சேட்டோடு ஏன் இருக்கிறாய், கடைக்குப் போனால் சொன்ன சாமானை விட்டு வேறு என்னத்துக்கு வாங்கி வருகிறாய், ஒன்றுக்கும் குறைவில்லை. மீனின் நடுத்துண்டு அப்னாவுக்குப் போய்விட்டது. அவருக்கும் இப்போது வால்தான்.

நேற்று நெல் ஏற்றிவிட்டுப் பிந்தி வந்தார். வாசல் படலையில் வைத்தே உம்மா பிடித்துக்கொண்டா. போன் எடுத்துச் சொல்ல ஏலாதா, சோறு ஆறிப்போச்சு, உனக்கு மூளை இருக்கா என்று நல்ல கிழி. அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். சாப்பிட இருந்தபோது, மனம் நொந்துவிட்டாரோ என்று மெல்லக் கேட்டேன்.

அவர் வால் துண்டில் முள் எடுத்துக்கொண்டே சொன்னார்: "எண்ட உம்மா மௌத்தான பிறகு என்னை ஆரும் இப்பிடி ஏசல்ல."

நான் அவருடைய சோற்றுக் கோப்பையில் இன்னும் கொஞ்சம் ஆணம் ஊற்றினேன்.